மடிப்பாக்கத்தில் ஒரு நெருப்புக்குழி: தோண்டாமல் கட்டிய கதை

வீடு மடிப்பாக்கத்தில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கமாக இருக்கிறது. ஒன்றரை கிரவுண்டு மனை, வடக்குப் பார்த்த வீடு. பின்பக்கம், அதாவது தெற்கே, 28 அடி ஆழமும் 45 அடி அகலமும் உள்ள திறந்த இடம். பாட்டி, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி, பேரன் என்று ஐந்து பேர். மகன் சில வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அங்கே வீட்டுக்கு வீடு தோட்டத்தில் ஃபயர் பிட் எனும் நெருப்புக்குழி வைத்து, சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து, நம் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். தப்பில்லாத ஆசைதான். இருக்கிற மூன்று டிவியையும் அணைக்க வேறு வழி தெரியவில்லை என்று மருமகளும் சேர்ந்துகொண்டார்.

இப்படிப்பட்டவற்றை வடிவமைத்துக் கட்டித்தரும் எங்களிடம் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் ஒன்று கட்டியிருந்தார்கள். 2023 கோடையில் ஆள் வைத்து இரண்டடி ஆழம், மூன்றடி அகலத்துக்குக் குழி தோண்டி, அடியில் ஜல்லி கொட்டி, சுற்றி சிமெண்ட் சாலிட் பிளாக் அடுக்கி, மேலே தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் கூழாங்கற்களைப் பரப்பியிருந்தார்கள். படத்தில் பார்த்தது அப்படியேதான். ஆனால் சென்னைக் கோடையில் நெருப்பு மூட்டி யார் உட்காருவார்கள்? மார்கழி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மார்கழிக்கு முன்னால் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். தெருவில் வடிந்த பிறகும் குழியில் வடியவில்லை. கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதை முதலில் மூடுங்க" என்று சொல்லிப் போனார். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டி, பொங்கல் விடுமுறையில் ஒருவழியாக நெருப்பு மூட்டினார்கள். கால்மணி நேரத்தில் ஒரு கூழாங்கல் பட்டாசு மாதிரி வெடித்து, துண்டு ஒன்று பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. நாற்காலியில் அப்போது யாரும் இல்லை.

அதற்கு அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். மூடிவிடலாமா, சரிபண்ணலாமா என்பது கேள்வி.

என்ன கெட்டுப்போயிருந்தது

கூழாங்கல் விஷயம் எளிது. ஆற்றுக்கல்லுக்குள் நுண்ணிய விரிசல்கள் உண்டு, அதில் வாரக்கணக்கில் தண்ணீர் ஊறியிருந்தது. தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லை என்றால் கல்லைப் பிளந்துகொண்டுதான் வரும். கருங்கல்லும் தீக்கு நேரே வைக்கக் கூடாதது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் திடீரென்று விரிகிறது. நல்ல சவுக்குத் தணல் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

சிமெண்ட் பிளாக்கின் கதை வேறு. முதல் நெருப்பிலேயே உள்பக்கம் பொரிந்திருந்தது, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. சிமெண்ட் இறுகும்போது அதற்குள் சுண்ணாம்புச் சத்து உருவாகிறது. 400 டிகிரிக்கு மேல் போனால் அது தன்னிடமுள்ள தண்ணீரை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். நெருப்பு அணைந்தபின் மழையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஈரம் கிடைத்ததும் மறுபடி நீர்த்து, ஊதிப் பெருத்து, சுற்றியிருப்பதை உடைக்கும். ஆக பிளாக் சூட்டில் பாதி உடைகிறது, ஆறியபின் ஈரத்தில் மீதி. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் நம் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஃபிளை ஆஷ் கல்லில் சிமெண்ட் சேர்த்துத்தான் செய்கிறார்கள் என்பதால் அதையும் இதே வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அடிப்படைக் கோளாறு கல்லில் இல்லை, குழியில். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். மணற்பாங்கான இடத்தில் உண்மை. நீலாங்கரையிலோ திருவான்மியூரிலோ கடலோர மணலில் தோண்டியிருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும். மடிப்பாக்கம் களிமண். களிமண்ணில் குழி தோண்டி ஜல்லி கொட்டுவது, வாளியில் ஜல்லி போட்டு வெளியே வைப்பதற்குச் சமம். சுற்று மண் தண்ணீரை உறிஞ்சாது, ஜல்லிக்கு இடையில் தேங்கி நிற்கும். பிப்ரவரி மாதம் பக்கத்தில் சோதனைக்காக மூன்றடி தோண்டினோம். மழை நின்று எவ்வளவோ நாளாகியும் பக்கவாட்டில் ஈரம் கசிந்தது. அதன்மேல் நெருப்பு மூட்டினால் அடியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். விறகு புகையுமே தவிர எரியாது.

சென்னைக்கு வருடத்தில் விழும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. நெருப்பு மூட்டத் தோதான குளிர் வருவதும் சரியாக அது முடிகிற நேரத்தில்தான். வடக்கத்திய ஊர்களில் குளிர்காலம் வறண்ட காலம். நமக்கு அது நிலம் முழுக்க ஊறிக் கிடக்கும் காலம். எனவே குழியைச் சரிசெய்யவில்லை. மண் போட்டு மூடி, தரைக்கு மேலே ஒரு மேடை அடுப்பு மாதிரி கட்டலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கே வைப்பது

இங்கேதான் அதிக நேரம் போனது. பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அக்னி மூலையில வைக்காம நெருப்பை வேற எங்க வைப்பீங்க தம்பி?"

அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. அந்த மூலையில் மதில் ஓரமாக ஒரு தென்னை நிற்கிறது. காய்ந்த மட்டையும் பன்னாடையும் பொறி பட்டால் சட்டென்று பிடிக்கும். அதனால் மூலையிலேயே வைக்க முடியாது. ஆனால் காற்றுக் கணக்குப் பார்த்தபோது பாட்டி சொன்ன திசை அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது.

டிசம்பர், ஜனவரி சாயங்காலங்களில் சென்னையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். புகை தென்மேற்கே போகும். வீடு வடக்கே இருப்பதால் புகை வீட்டை விட்டு விலகித்தான் போகும், சமையலறை ஜன்னலுக்குள் வராது. பிப்ரவரி கடைசியில் கதை மாறுகிறது. காற்று தென்கிழக்குக்குத் திரும்பி, புகையை நேரே வீட்டுக்குள் தள்ளும். ஆகவே இந்த வீட்டில் நெருப்புக் காலம் முடிவதைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, காற்றுத் திரும்புவதுதான். பிப்ரவரி நடுவில் மூடிவிடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம்.

அடுத்தது தூரம். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, இந்த மாதிரிப் பொழுதுபோக்கு நெருப்பு எந்தக் கட்டடத்திலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும், விறகுக் குவியல் மூன்றடி விட்டத்தையும் இரண்டடி உயரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊரில் ஒரு கிரவுண்டு என்பதே 2,400 சதுர அடி, வழக்கமான அளவு 40க்கு 60. அதில் வீடு போக 25 அடி எங்கே கிடைக்கும்? இந்த வீட்டில் கிடைத்தது, வீட்டுச் சுவரிலிருந்து 14 அடி, பின் மதிலிலிருந்து 10 அடி. தூரத்தைக் கூட்ட முடியாது என்பதால் நெருப்பைச் சின்னதாக்கினோம். உள்விட்டம் இரண்டரை அடி, அதற்குள் விறகு குவிவது ஒன்றரை அடிக்கு மேல் போகாத அளவு. செப்டிக் டேங்க் மேற்குப் பக்கம், காற்றுப்போக்கிக் குழாயோடு. அதிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கிறது. தென்னையின் ஓலை விரிந்திருக்கும் வட்டத்துக்கும் வெளியே. மனையின் தென்கிழக்குப் பாதிக்குள்தான் இருக்கிறது என்று காம்பஸ் வைத்துக் காட்டியதும் பாட்டிக்குத் திருப்தி.

விறகு வேண்டாம், கேஸ் போடலாமா என்று மகன் நடுவில் கேட்டார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். வீட்டு சிலிண்டரிலிருந்து ஒரு டியூப் இழுத்து இதைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

கட்டிய விதம்

மேடை ஆறடிக்கு ஆறடி சதுரம், தரையிலிருந்து ஒன்பது அங்குல உயரம். சுற்றுச்சுவர் சாதாரணச் செங்கல், உள்ளே உடைகல்லும் ஜல்லியும் இடித்து நிரப்பி, மேலே நாலு அங்குல கான்கிரீட். இது நெருப்புக்கு நேரே படாது என்பதால் சிமெண்ட் பயப்பட வேண்டியதில்லை. கான்கிரீட்டைத் தெற்கு நோக்கிச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் ஓர் அங்குலத் துளை விட்டோம். மழைத்தண்ணீர் எதுவானாலும் அதன் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாம்பல் கலந்த தண்ணீர் காரத்தன்மை உள்ளது. 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி இந்த வீட்டில் பின்பக்கமே இருக்கிறது. அதற்கு எதிர்த்திசையில், வாழைப் பாத்தி இருக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டோம்.

மேடைமேல் இரண்டு வளையம். உள் வளையம் ஃபயர் பிரிக் எனும் சூடு தாங்கும் செங்கல், 9க்கு நாலரைக்கு 3 அங்குலக் கல், நிறுத்திவைத்து மூன்று வரிசை. தரைக்கும் அதே கல், மணல் படுக்கைமேல் பரப்பியது. வெளி வளையம் சேம்பர் செங்கல் எனும் சூளையில் நன்றாகச் சுட்ட கல், சிமெண்ட் கலவையில் நாலு வரிசை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி.

அந்த ஓர் அங்குலத்தை நிரப்பிவிடலாமே என்று கொத்தனார் கேட்டார். விட்டதற்குக் காரணம் உண்டு. உள்கல் சூட்டில் விரியும். ஒட்டிக் கட்டினால் வெளிச்சுவரைத் தள்ளி வெடிக்கவைக்கும். அது ஒன்று. இன்னொன்று புகை. வெளி வளையத்தின் அடி வரிசையில் அரைக்கல் அகலத்துக்கு நாலு வாய் விட்டிருக்கிறோம், அதில் இரண்டு காற்று வரும் வடகிழக்குப் பக்கம். அதன் வழியே நுழையும் காற்று இரண்டு சுவருக்கும் நடுவில் சூடாகி மேலேறி, உள் வளையத்தின் மேல்வரிசையில் கல்லுக்குக் கல் விட்ட சந்து வழியாகத் தீயின் தலைமேல் பாயும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதான். சூடான புதுக்காற்று கிடைத்தால் அதுவும் எரிந்துவிடும். கடையில் விற்கும் இரட்டைச் சுவர் இரும்புத் தொட்டிகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. செங்கல்லில் அந்த அளவுக்குச் சுத்தமாக வராது, கல் சூடேற இருபது நிமிடம் போல ஆகிறது. அதற்கு அப்புறம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர், சின்ன வயதில் செங்கல் சூளையில் இருந்தவர். படத்தைப் பார்த்ததும், "வாயை ஒரு பக்கமா வச்சா ஒரு பக்கம்தான் சார் வேகும். கோட்டை அடுப்பு போடுறவங்க காத்துப் பாத்துத்தான் வாய் வைப்பாங்க, ஆனா அதுக்கு நேரே போக்கும் விடுவாங்க" என்றார். முதல் வரைபடத்தில் நாலு வாயும் வடகிழக்கிலேயே இருந்தன. இரண்டைத் தென்மேற்கே மாற்றியது அவர் யோசனை.

உள்கல்லைக் கலவை போடாமல் சும்மா இறுக்கி அடுக்கினோம். ஃபயர் கிளே என்ற களிமண் கலவை கடையில் கிடைக்கும், ஆனால் அது உண்மையாக இறுக ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். விறகு நெருப்பில் அது காய்ந்து நிற்குமே தவிரப் பீங்கானாகாது. அடுத்த மழையில் கரைந்து ஓடிவிடும். கூரைக்குள் இருக்கும் தந்தூரி அடுப்புக்குச் சரி, திறந்தவெளியில் காசுக்குக் கேடு. அடுக்கியதில் இன்னொரு வசதி, கல் ஒன்று விண்டால் அதை மட்டும் உருவி மாற்றலாம்.

மேல்மூடியாகச் சேம்பர் செங்கல்லைக் குறுக்கே படுக்கவைத்தோம். வெளிச்சுவர் நாலரை, இடைவெளி ஒன்று, உள்கல் மூன்று, மொத்தம் எட்டரை அங்குலம். ஒன்பது அங்குலக் கல் கச்சிதமாக மூடிவிடுகிறது. கலவை வெளிச்சுவர்மேல் மட்டும். உள்கல்லைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டிருக்கிறது. கடப்பா போடலாம், வழவழவென்று இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். கடப்பா சுண்ணாம்புக்கல் இனம், தீ ஓரத்தில் நிற்காது.

செங்கல் வாங்கும்போது இரண்டு கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருகிறதா என்று மேஸ்திரி பார்த்தார். நாங்கள் அதோடு ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து எடை போட்டோம். எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது செங்கல்லுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1077.

புதுப்பேட்டையிலிருந்து பழைய லாரி ரிம் ஒன்றை வாங்கி உள்ளே வைத்தால் செலவு குறையுமே என்பதும் பேச்சில் வந்தது. வெறும் இரும்பு என்றால் துரு பிடித்தாலும் ஆபத்தில்லை. ஜிஐ என்று சொல்லும் துத்தநாகம் பூசிய டிரம், வாளி, ஷீட் எதையும் தீக்குள் வைக்கக் கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். அதன் புகையை வெல்டிங் பட்டறையில் சுவாசித்துக் காய்ச்சலில் படுத்தவர்களுக்கு அது எப்படியென்று தெரியும்.

உட்கார வடகிழக்குப் பக்கம் மட்டும் அரைவட்டமாக ஒரு திண்ணை, 16 அங்குல உயரம், மேலே சிவப்பு ரெட் ஆக்சைடு. நெருப்பிலிருந்து மூன்றடி தள்ளி. காற்று முதுகுப் பக்கமிருந்து வருவதால் புகை முகத்தில் அடிக்காது. எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டோம். வருடத்தில் பத்து மாதம் நெருப்பு இல்லாதபோதும் இந்தத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். செலவில் பெரிய பங்கு ஃபயர் பிரிக்குக்குப் போனாலும், வீட்டுக்காரர்கள் புகழ்வது திண்ணையைத்தான்.

விறகும் அக்கம்பக்கமும்

முதல் வருடம் டிசம்பரில் விறகுக் கடையில் போய் வாங்கினால் ஈரக்கட்டைதான் கிடைக்கும். பச்சை மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் சென்னைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது, வெளியில் எத்தனை நாள் வைத்தாலும் கட்டை 16 சதவீதத்துக்குக் கீழே காயாது. ஏப்ரலிலேயே வாங்கிப் பிளந்து, அக்னி நட்சத்திர வெயிலில் காயவைத்து, மழைக்கு முன் சன்ஷேடுக்குக் கீழே செங்கல்மேல் பலகை போட்டு அடுக்கச் சொன்னோம். தரையில் வைத்தால் கரையான் முந்திக்கொள்ளும்.

சவுக்குக்கு மிஞ்சிய விறகு இங்கே இல்லை. செங்கல்பட்டு, மரக்காணம் கடலோரம் முழுக்கப் பயிராகிறது, கனமான கட்டை, நின்று எரியும், பொறி குறைவு. பற்றவைக்கக் கொட்டாங்குச்சி. தென்னை ஓலை ஒரு நொடியில் பெரிதாக எழும்பி பறந்துபோய் விழும், வேண்டாம். பிளைவுட், பாலிஷ் போட்ட பழைய கதவு, பெயிண்ட் அடித்த மரம் எதுவும் கூடாது. வேலியோரம் வெட்டிப்போட்ட அரளிக்குச்சி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அதன் புகையும் விஷம், சுடுகிற பண்டத்தில் பட்டால் இன்னும் மோசம்.

அடுக்குவதிலும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தோம். பெரிய கட்டை அடியில், சிறுசு நடுவில், கொட்டாங்குச்சி உச்சியில், நெருப்பு மேலிருந்து. கீழிருந்து மூட்டிப் பழகிய பாட்டி சிரித்தார். மேலே எரியும் தீ வழியாகத்தான் கீழே கிளம்பும் புகை வெளியேற வேண்டும், அதனால் அதுவும் எரிந்துபோகும்.

புகைக்கு நாம் பழகிய ஊர் இது. 2018 போகியன்று காலை மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குப்பையை எரிப்பதை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்தன. அந்த வருட டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. எனவே காய்ந்த சருகு, பேப்பர், பால் கவர் என்று எதையும் இதில் போடக் கூடாது என்பது வீட்டில் கண்டிப்பான சட்டம். பேரன்தான் அதற்குக் காவல்.

தென்மேற்கே, புகை போகும் திசையில், பின்வீட்டு மாமியின் துணிக்கொடி. கட்டுவதற்கு முன்பே மருமகள் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஏழரை மணிக்கு மேல் மூட்டினால் பரவாயில்லை, அதற்குள் துணியை எடுத்துவிடுவேன், என் பேரனுக்கு வீசிங் இருந்தால் மட்டும் அன்றைக்கு வேண்டாம் என்றார் மாமி. இதற்காக வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுத்தான் மூட்டுகிறார்கள். மாமி முடியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் இந்த வேலையை எடுத்திருக்க மாட்டோம். பத்தடி தூரத்தில் இருப்பவர் சம்மதம் இல்லாமல் எந்த வடிவமைப்பும் உதவாது.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

2024 கோடையில் கட்டி முடித்தோம். அக்டோபர் நடுவில் கொட்டிய மழையிலும், நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோதும் தோட்டத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது, மேடை மேலே இருந்தது. சரிவான தகர மூடி ஒன்று செய்து கொடுத்திருக்கிறோம். நெருப்பு இல்லாத மாதங்களில் அது போட்டே இருக்க வேண்டும். ஃபயர் பிரிக் தண்ணீர் குடிக்கும் கல். அதனால் மழைக்குப் பின் முதல் நெருப்பு சின்னதாக, நாலைந்து குச்சியில், அரைமணி நேரத்துக்கு மட்டும். அன்றைக்கு யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை.

ஜனவரி இரவில் சென்னையில் 20, 21 டிகிரி இருக்கும். அதற்குக் கணப்பு தேவையே இல்லை என்று கட்டும்போதே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சூட்டைவிடச் சுடுவதை வைத்து அளவு போட்டோம். உள்விட்டத்தில் பாதிக்கு ஒரு கம்பி வலை, தீ அடங்கித் தணலானதும் வைப்பது. தை மாதம் பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம். சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டிக்குத் தனி வலை. அவர் கத்திரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்து செய்யும் கொத்சுக்காகவே மாமி வீட்டிலிருந்து கிண்ணம் வருகிறது.

பழுதும் உண்டு. இரண்டாவது பருவத்தில் உள் வளையத்தில் ஒரு கல் நெடுக விண்டது. வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்ததுதான் காரணம். விருந்தாளி ஒருவரின் அவசரம். உருவி எடுத்து வேறு கல் வைத்தோம். இப்போது மணல் வாளி ஒன்று ஓரத்தில் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் அவசரத்துக்கு மட்டும். மேல்மூடிச் செங்கலில் தென்மேற்கே இரண்டில் மயிரிழை விரிசல். தீ சாயும் பக்கம் என்பதால் அது தொடரும். அடுத்த கோடையில் அந்தப் பக்கத்தை மட்டும் ஃபயர் பிரிக்காக மாற்றப்போகிறோம். சாம்பலை மறுநாள் மாலை வரை அப்படியே விட்டு, இரும்புச் சட்டியில் அள்ளி, ஒரு பிடி தென்னைக்கும் மீதி பாத்திரம் துலக்கவும் போகிறது.

இதைப் பார்த்துவிட்டு நங்கநல்லூரிலிருந்து ஒருவர் தன் வீட்டுக்கும் கேட்டார். அரை கிரவுண்டு, பின்பக்கம் ஐந்தடி சந்து, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு ஜன்னல். கட்டித்தர முடியாது என்று சொல்லிவிட்டோம். கால் வைத்த சின்ன இரும்புக் கணப்பு ஒன்றை வாங்கி, வாசலில் கரி போட்டுச் சோளம் சுட்டுக்கொள்ளுங்கள், மொட்டைமாடித் தளத்தின்மேல் மட்டும் நேரடியாக வைக்காதீர்கள் என்றோம். வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறார்.